மூதறிஞர் ஏற்ற பெருவழக்கு

பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, கலங்கரை விளக்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்குவது லைட்ஹவுஸ் குப்பம். வலையும் படகுமே அவ்வூராரின் உடைமை. ஏரிக்கு அப்பால் பழவேற்காடு நகர். மரக்காயர் பெருமக்கள் கடல் வாணிகம் நடத்தி, பள்ளிவாசல்கள் எழுப்பி, அரபுத் தமிழ் வளர்த்த ஊர் அது. டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் அகழியையும் புதர் மண்டிய மேட்டையும் இன்றும் அங்குக் காணலாம். அந்நகரில் வெடிமருந்துச் சாலை ஒன்று இயங்கியது என்பதை நம் மாணவர்களுள் பலர் அறியார். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து அரைத்த மருந்து இங்கிருந்து கீழை நாடுகளில் இருந்த டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் சென்றது. கொடிய பண்டம்தான். ஆயினும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுக்கு ஓர் எல்லை இருந்தது. அன்று ஒரு கடலில் நடந்த போர் மறுகடலில் வலை வீசியவனைத் தொட்டதில்லை.

அந்த எல்லை அழிந்த நாள் 1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில் பிகினி தீவில் அமெரிக்கா நீரகக் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியே, சூரை மீன் பிடிக்கச் சென்ற ஜப்பானியப் படகு ஒன்று நின்றிருந்தது. அதில் 23 மீனவர்கள் இருந்தனர். நற்பேறு தரும் நாகம் என்னும் பொருளில் அப்படகுக்குப் பெயரிட்டிருந்தனர். மேற்குத் திசையில் பேரொளி எழுந்தது. சில மணி நேரம் கழித்து வெண்சாம்பல் மழைபோல் பொழிந்தது. அது இன்னதென்று அறியாமல் கைகளால் கூட்டித் தள்ளினர். கரை சேருமுன்பே உடல் புண்ணாயிற்று, முடி உதிர்ந்தது. படகின் வானொலிப் பணியாளர் குபோயாமா அவ்வாண்டு செப்டம்பர் 23இல் இறந்தார். பிடித்துவந்த மீனும் நஞ்சாகியிருந்தது. ஜப்பான் நாட்டு மீன் அங்காடிகள் அஞ்சி நடுங்கின. அவர்கள் எந்த நாட்டோடும் போரிட்டவர்கள் அல்லர். அது போர்க்காலமும் அன்று.

அதே 1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார் மூதறிஞர் இராஜாஜி. அப்போது அவருக்கு வயது 75. ஓய்வு கொள்ள வேண்டிய அப்பருவத்தில்தான் அணுக்குண்டுக்கு எதிரான வழக்கைத் தம் வழக்காக ஏற்றுக்கொண்டார்.

1878 டிசம்பர் 10ஆம் நாள் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்த இராஜகோபாலாச்சாரியார், சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்தார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து சென்று உப்பெடுத்தார். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். இவை பாடநூல்களில் உள்ளவை, விரிக்க வேண்டுவதில்லை. அவர் கொண்டுவந்த கட்டாய இந்தியும் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டமும் தமிழ் மக்களின் நெஞ்சில் ஏற்படுத்திய புண்ணையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவரை முழுதும் ஏற்றோர் தமிழகத்தில் என்றுமே சிலர்தாம்.

ஆயினும் போர் என்பது யாது என்பதை இந்தக் கரையிலேயே கண்டவர் அவர். 1942 ஏப்ரல் திங்களில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக் கடலுக்குள் புகுந்தது. கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் ஒரு வாரத்திற்குள் பாதிக்கு மேல் காலியாயிற்று என்று சொல்லும் அளவுக்கு மக்கள் ஊர்களை நோக்கி ஓடினர். உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அந்த ஏப்ரலில்தான் இராஜாஜி, நாட்டைக் காக்க முஸ்லிம் லீகோடு உடன்பாடு காண்பது இன்றியமையாதது என்று கருதி, சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியில் தீர்மானம் நிறைவேற்றினார். சொந்தக் கட்சியினரின் சினத்துக்கு ஆளாகிக் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1944இல் காந்தியடிகளும் ஜின்னா அவர்களும் பேசியது இவர் வகுத்த திட்டத்தின் அடிப்படையில்தான். பிற்காலத்தில் 1967 தேர்தலில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களோடு ஒரே அணியில் இவர் நின்றதை நம் பெரியோர் நினைவுகூர்வர்.

இனி அந்தப் பெருவழக்குக்கு வருவோம். 1961 அக்டோபரில் சோவியத் நாடு வரலாறு காணாத பெருங்குண்டு ஒன்றைச் சோதித்தது. மறு ஆண்டு அமெரிக்கா பசிபிக்கில் தொடர் சோதனைகளை நடத்தியது. வெடித்த குண்டுகளிலிருந்து ஸ்ட்ரான்சியம் 90 என்னும் பொருள் வான்வழியே பரவி, மழையோடு மண்ணில் இறங்கி, புல்லில் ஏறி, பசுவின் பாலில் கலந்தது. அது சுண்ணாம்புச் சத்தைப்போல் நடிக்கும் இயல்புடையது; குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் போய் அமரும். வியாசர் விருந்து எழுதிய இராஜாஜிக்கு, கருவிலிருந்த சிசுவைக் குறிவைத்த அசுவத்தாமனின் அஸ்திரம் புதிய செய்தியன்று. ஆனால் இங்கே அஸ்திரம் தொடுத்தவனுக்கே அது எங்கு விழும் என்பது தெரியவில்லை.

1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் தில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக இராஜாஜி, ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகிய மூவர் அமெரிக்கா சென்றனர். அதுவரை மேலைநாடுகளுக்குச் சென்றிராத முதியவர், 83 வயதில், அரசுப் பதவி எதுவும் இல்லாமல், கதர் வேட்டியோடு 1962 செப்டம்பர் 28இல் வெள்ளை மாளிகையில் கென்னடியின் எதிரே அமர்ந்தார். கென்னடிக்கு அப்போது வயது 45. குறித்திருந்த நேரத்தைக் கடந்து பேச்சு நீண்டது. இராஜாஜியின் வாதத்தின் சாரம் எளியது: இரு வல்லரசுகளின் பிணக்கில் பங்கேற்காத மக்களின் காற்றையும் நீரையும் நஞ்சாக்க எவருக்கும் உரிமை இல்லை, எதிர்த் தரப்பு முன்வரட்டும் என்று காத்திராமல் ஒரு தரப்பே சோதனையை நிறுத்த வேண்டும். சேலத்து நீதிமன்றத்தில் பயின்ற வாதத்திறம் அங்கே பயன்பட்டது எனலாம்.

அவர் திரும்பிய அக்டோபர் திங்களிலேயே கியூபாவில் ஏவுகணை நெருக்கடி மூண்டது. இமயத்தில் சீனப் படை புகுந்தது. அப்போது இராஜாஜி மேலை நாடுகளின் படை உதவியைப் பெறுமாறு வற்புறுத்தினார். அமைதித் தூதர் ஆயுதம் கேட்பதா என்று நகைத்தோர் உண்டு. நமக்கு இதில் முரண் தோன்றவில்லை. முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் படையை அனுப்பியபோது, பெண்களையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லலாகாது, கனி தரும் மரத்தை வெட்டலாகாது என்று கட்டளையிட்டார்கள். அவர்கள் படையைத் தடுக்கவில்லை. படைக்கு எல்லை வகுத்தார்கள். எல்லையே வகுக்க இயலாத ஆயுதத்தைத்தான் இராஜாஜி மறுத்தார். 1964இல் சீனா அணுக்குண்டு வெடித்தபோது இந்தியாவும் செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது; அதற்கும் அவர் இசையவில்லை.

1963 ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் மூன்று வல்லரசுகள் வானிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனையைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இராஜாஜியின் பயணத்தால்தான் அது விளைந்தது என்று கூறுவது மிகையாகும். கியூபா தந்த அச்சமும் பல நாட்டு மக்களின் குரலும் சேர்ந்தே அதனைக் கொணர்ந்தன. அக்குரல்களுள் ஒன்று தமிழகத்திலிருந்து சென்றது. நிலத்தடிச் சோதனைகள் அதன் பின்னரும் நடந்தன. பிரான்சும் சீனாவும் ஒப்பமிடவில்லை. சீனாவின் கடைசி வான்வெடிப்பு 1980இல்தான் நிகழ்ந்தது. 1974இலும் 1998இலும் பொக்ரான் மணலும் அதிர்ந்தது. அவற்றைக் காண இராஜாஜி இல்லை. 1972 டிசம்பர் 25இல் அவர் மறைந்தார். காயிதே மில்லத் அவர்கள் மறைந்ததும் அவ்வாண்டு ஏப்ரலில்தான்.

அக்குண்டுகள் வெடித்த காலத்தில் காற்றில் கலந்த கரி 14 என்னும் அணு, 1963ஐ ஒட்டி வடகோளத்தில் இயல்பைப்போல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அது பாதியாகத் தேய 5,730 ஆண்டுகள் ஆகும். செடியும் மீனும் மனிதரும் அதை உடலில் ஏற்றனர். லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்நாளில் பிறந்த குழந்தையும் பழவேற்காட்டு ஏரியில் துள்ளிய மடவையும் அதற்கு விலக்கல்ல.

சாம்பல் பொழிந்த அந்தப் படகு அழியாமல் இருக்கிறது. தோக்கியோவில் 1976இல் திறந்த காட்சிக்கூடம் ஒன்றில் அதை நிறுத்தி வைத்துள்ளனர். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள மரப்படகு அது.