வேலூர் ஐடா அம்மையார்

புளியங்கூடலிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போய், கடல் கடந்து காரைநகரை அடைந்து, மேலும் சற்றுத் தூரம் சென்றால் பண்டத்தரிப்பு. 1820ஆம் ஆண்டில் அங்கு வந்து நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய பேர்த்தியே, அன்பார்ந்த வாசகர்களே, வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார்.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கு இளமையில் மிஷன் ஊழியத்தில் நாட்டமே இருக்கவில்லை. திண்டிவனத்தில் ஓரிரவு, பிரசவ வேதனையிலிருந்த மனைவியருக்கு உதவி வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். தம் தந்தை வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் எங்கள் பெண்களைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். 1899இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, 1900இல் ஐடா திரும்பி வந்தார்.

ஒரு வைத்தியர் எத்தனை கட்டிலுக்கு ஓடலாம்? இரவு முழுதும் நோயாளியருகில் இருப்பவள் தாதியல்லவா? அந்நாளில் தாதித் தொழில் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். (நம் வீடுகளிலும் இப்பேச்சு இருந்ததை மறுப்பதற்கில்லை.) அதைப் பொருட்படுத்தாது 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையை ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலையும் தொடங்கியது. மாணவிகள் கிடைப்பார்களோ என்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்தவையோ 151 விண்ணப்பங்கள்! முதல் வகுப்பின் 14 பேரும் மாகாணப் பரீட்சையில் சித்தியடைந்தனர். அதே பரீட்சையில் ஆண்களிற் பெரும்பாலோர் தவறினர்.

பெரிய சோதனை பின்னரே வந்தது. 1930களின் இறுதியில், இனிப் பல்கலைக்கழகப் பட்டமே செல்லும், பழைய தராதரப் பத்திரம் போதாது என்றது சென்னை அரசு. கட்டில்களும் ஆய்வுகூடங்களும் பேராசிரியர்களும் பெருகாவிடில் பாடசாலையை மூட வேண்டியதுதான். சட்டம் அநியாயம் என்று அம்மையார் வழக்காடியிருக்கலாம். ஆனால் எழுபது வயதில் பணம் சேர்க்க அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அரசு செய்ததும் பிழையன்று என்பதே என் எண்ணம். மயங்கிக் கிடக்கும் நோயாளி தன்னைத் தொடும் கையின் திறமையைச் சோதிக்க முடியுமா? வேறொருவர் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும்.

1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1946இல் தாதியர் பாடசாலையும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாகி, நான்காண்டுப் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. தாதியருக்குப் பட்டம் வழங்க இந்தியாவில் முதன்முதல் முன்வந்த இரு கல்லூரிகளில் அதுவும் ஒன்று.

அம்மையார் 1960 மே 24இல், தமது 89ஆவது வயதில் கொடைக்கானலில் காலமானார். அவர் தொடங்கிய தாதியர் வகுப்பில் இன்று முதுமாணி, கலாநிதிப் பட்டங்கள்வரை படிக்கலாம்.