முனிசிபாலிட்டி கணக்கிலிருந்து உலக வங்கி மேசை வரை



நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் இந்த வருஷம் அடிக்கடி அடிபட்ட பேச்சு ஒன்று உண்டு. பெரிய முதலீட்டு வங்கிகள் ஆள் எடுக்கின்றன. ஆனால் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். என்று கையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிகளுக்கு மட்டும்தான் போகின்றன. பாலிடெக்னிக் பெயர் அந்தப் பட்டியலில் ஏழு ஜென்மத்துக்கும் வராது என்பதுதான் அந்தப் பேச்சு.

கம்பெனிகளுக்கு மூலதனம் திரட்டிக் கொடுப்பது, பங்கு வெளியிட உதவுவது, ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது விலை மதிப்பது... இதெல்லாம்தான் அந்த வங்கிகளின் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற எனக்கு அதில் ஆசை என்று சொன்னால் சிரிக்கிறவர்களே அதிகம். சிரிக்கட்டும்! அவர்களுக்குப் பதிலாக நம்ம ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையை இந்த மலரில் எழுத நினைத்தேன். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான் அவர்.

நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? ஐ.வி.க்குக் கொச்சி போனவர்கள் எர்ணாகுளத்தில் சண்முகம் ரோட்டில் நடந்திருப்பீர்கள். அந்தச் சண்முகம் இவர்தானுங்க!

தொடங்கிய இடம்

1892 அக்டோபர் 17ஆம் தேதி கோவையில் பிறந்தார். ஏழை வீட்டில் பிறந்து தெருவிளக்கில் படித்தார் என்று கதை கட்ட நான் தயாரில்லை. வசதியான வணிகக் குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், பிறகு சென்னையிலேயே சட்டம் படித்தார். நம்மைப் பார்க்க அது பெரிய படிப்புதான். ஆனால் அன்றைக்கு இந்தியாவின் கஜானாவைக் கையில் வைத்திருந்தவர்கள் யார்? ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முடித்து ஐ.சி.எஸ். தேறி வந்தவர்கள். அவர்கள் பட்டியலில் சென்னை டிகிரிக்கு என்ன மதிப்பு? கோயமுத்தூர் அப்போது ஒரு ஜில்லாத் தலைநகரம், அவ்வளவுதான். முதல் நூற்பு மில் 1888இல்தான் வந்தது. பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியது 1930களில்.

அவர் நேரே டெல்லிக்குப் போகவில்லை. 1917இல் கோவை முனிசிபாலிட்டி கவுன்சிலரானார், துணைத் தலைவராகவும் இருந்தார். குழாய்த் தண்ணீர், சாக்கடை, வீட்டு வரி என்பதுதான் முனிசிபாலிட்டி வேலை. கேட்கப் பெருமையாக இருக்காது. ஆனால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, துண்டு விழுந்தால் எங்கே கைவைப்பது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் எது?

1920இல் நீதிக்கட்சி சார்பில் சென்னைச் சட்டமன்றம். 1924 முதல் டெல்லியில் மத்திய சட்டசபை. அங்கே சுயராஜ்யக் கட்சியின் கொறடா. 1931இல் சபையின் துணைத் தலைவர், 1933இல் தலைவர். அதே ஆண்டு சர் பட்டம். இதற்கு நடுவே 1932இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த சாம்ராஜ்யப் பொருளாதார மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போய் வந்தார்.

விழுந்த இடம்

அந்த ஒட்டாவா ஒப்பந்தம் பிரிட்டிஷ் சரக்குக்குச் சுங்கச் சலுகை தந்தது. தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1934 தேர்தல் வந்தது. சபைத் தலைவராக இருந்தவர் தோற்றே போனார்!

நாம் ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறோம். அவர் மறு ஆண்டே, 1935இல், கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆனார். 1941 வரை அங்கே இருந்தார். கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாக வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் கடலைத் தூர்வாரி அதைக் கட்டினார். ஒரு துறைமுகத்துக்கு இன்ஜினியரும் வேண்டும், பணத்துக்கு வழி பார்க்கிறவரும் வேண்டும். டிப்ளமோ படிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு உலகப்போர்க் காலத்தில் இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குத் தலைவராக அமெரிக்கா போனார்.

அந்த மேசை

1944 ஜூலை. அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்ற மலையூர். ஒரு ஹோட்டலில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் மூன்று வாரம் உட்கார்ந்து பேசினார்கள். இன்றைய உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் பிறந்தது அங்கேதான். இந்தியக் குழுவில் யார் யார் பாருங்கள். தலைவர் சர் ஜெரமி ரெய்ஸ்மன், ஆக்ஸ்போர்டு, ஐ.சி.எஸ். ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், கேம்பிரிட்ஜ், ஐ.சி.எஸ். சர் தியோடர் கிரிகரி, லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியராக இருந்தவர். பம்பாய் ஏ.டி. ஷ்ராஃப், அதே லண்டன் பள்ளியில் படித்தவர். இவர்களோடு சரிசமமாக நம்ம சண்முகம் செட்டியார்!

போருக்காக இந்தியா கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் தரவில்லை. லண்டனில் கணக்கில் வரவு வைத்தது, அவ்வளவுதான். போர் முடியும்போது அந்தக் கடன் 100 கோடி பவுனுக்கு மேல். புதிய நிதியம் அதைத் தீர்க்க வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. நடக்கவில்லை. ஆனால் நிதியத்தில் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், சீனா, பிரான்ஸ் ஆகியவற்றுக்கு அடுத்த ஆறாவது இடம். சோவியத் சேராமல் போனதால் ஐந்தாவது ஆனது, நிர்வாகக் குழுவில் தனி நாற்காலியும் கிடைத்தது. அப்போது நாம் அடிமை நாடு என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றே வருஷம் கழித்து நேரு அமைச்சரவையில் முதல் நிதியமைச்சர். அவர் காங்கிரஸ்காரர் அல்ல என்றாலும் தேடி வந்த பதவி அது. 1947 நவம்பர் 26இல் முதல் பட்ஜெட்டைப் படித்தார். ஏழரை மாதத்துக்கான அந்தக் கணக்கில் வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. செலவில் 92.74 கோடி ராணுவத்துக்கே போனது. பிரிவினை, அகதிகள் என்று நாடே கொந்தளித்த நேரம். 1944இல் கேட்டுக் கிடைக்காத லண்டன் கடனுக்கு 1948 ஜூலையில் அவரே லண்டன் போய் ஒப்பந்தம் செய்து வந்தார். அதே ஜூலை முதல் தேதி இந்தியத் தொழில் நிதிக் கழகம் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு நீண்டகாலக் கடன் தர நாட்டில் அமைந்த முதல் நிறுவனம் அதுதான்.

அடுத்த மாதமே பதவி போயிற்று! வருமான வரி விசாரணைக் கமிஷனுக்குப் போன வழக்குகளில் சிலருடைய பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரம் சபையில் வெடித்தது. பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இதை மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. பெரிய மேசைக்குப் போய்ச் சேருவது ஒரு பாடு என்றால், அங்கே பெயரைக் காப்பாற்றுவது இன்னொரு பாடு. 1952இல் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டமன்றத்துக்கு ஜெயித்து வந்தார். தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றவர், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவர் என்ற பெருமையும் உண்டு. 1953 மே 5இல் காலமானார்.

நமக்கு என்ன?

அவருக்குப் பணம் இருந்தது, நமக்கு எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கல்லூரிப் பட்டியல் வைத்திருக்கிற வங்கி நாளைக்கே அதைக் கிழித்துப் போடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த இடத்துக் கணக்கைக் கற்றுக்கொண்டு அடுத்த படிக்குப் போனார். முனிசிபாலிட்டிக் கணக்கு, சுங்கக் கணக்கு, சமஸ்தானக் கணக்கு, கடைசியில் உலகக் கணக்கு!

நம்ம கையில் இருப்பது என்ன? பவுண்டரி, பம்பு, ஸ்பின்னிங். ஒரு மில்லுக்குக் கடன் கொடுக்க வருகிறவருக்கு, அந்த மெஷின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்ல ஆள் வேண்டும். அது நமக்குத் தெரியும். அதோடு அந்த மில்லின் ஐந்தொகையையும் படிக்கக் கற்றுக்கொண்டால், பெரிய கல்லூரிக்காரனுக்கு இல்லாத ஒரு ஆயுதம் நம்மிடம் இருக்கும். பங்குச் சந்தையில் பதிவான கோவைக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து வைத்து வரிவரியாகப் படிக்கலாமுங்க. டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது.

லேத்தில் முதலில் ஃபேசிங், அப்புறம்தான் டர்னிங். வாழ்க்கையிலும் அப்படித்தான். நம்ம முனிசிபாலிட்டி எது என்று கண்டுபிடிப்போம், அங்கே உட்கார்ந்து கணக்கைக் கற்போம். பிரெட்டன் உட்ஸ் அப்புறம் வரட்டும்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை