வைத்தியர் வில்லியம் ஸ்டோக்ஸ்

அரசர் பெயர் கல்வெட்டில் நிற்கும். புலவர் பெயர் ஏட்டில் நிற்கும். வைத்தியர் பெயரோ பெரும்பாலும் பிறர் நோயோடு சேர்ந்து நிற்பதாகும். நோயாளி ஒருவரின் மூச்சு மெல்ல ஓங்கி, மெல்லத் தணிந்து, சிறிது நேரம் நின்று, மீண்டும் ஓங்குமாயின், அதனைச் செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று வைத்தியர் வழங்குவர். நாடி திடீரெனத் தளர்ந்து ஒருவர் மூர்ச்சையுற்று வீழ்வதற்கு ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் நோய் என்று பெயர். இவ்விரண்டிலும் பெயர் பொறிக்கப்பெற்ற ஸ்டோக்ஸ் என்பார் ஒருவரே. ஆயினும் அப்பெரியார் செய்த வேறோர் உபகாரத்திற்கு அவர் பெயர் சூட்டப்படவில்லை. இருதயம் தளர்ந்தவரை அளவறிந்து நடக்கச் சொன்னதே அவ்வுபகாரம். அதனை முன்னிட்டே அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுந்தோம்.

வில்லியம் ஸ்டோக்ஸ் 1804-ஆம் ஆண்டு அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையாராகிய விட்லி ஸ்டோக்ஸும் புகழ்பெற்ற வைத்தியரே. மகனைப் பாடசாலைக்கு அனுப்பாது, ஜான் வாக்கர் என்னும் பண்டிதரிடம் வீட்டிலேயே பயில்வித்தார். சிறுவரோ கற்பதில் ஊக்கமின்றி, பழைய வீரக்கதைப் பாடல்களைப் படித்துக்கொண்டு மரநிழலில் சோம்பிக் கிடப்பவராயிருந்தார். ஒருநாள் அவ்வாறு உறங்குகையில் முகத்தில் நீர்த்துளிகள் விழ, விழித்து நோக்கினாராம். மகன் நிலையை எண்ணி அருகில் நின்ற அன்னையார் சிந்திய கண்ணீரே அது. அன்றே அவரது சோம்பல் அகன்றதென்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

பின்னர் எடின்பரோ நகரில் வைத்தியம் கற்று 1825-இல் பட்டம் பெற்றார். மார்பின் ஒலியைக் கேட்டறியும் ஸ்டெதஸ்கோப்பு என்னும் குழலைப் பிரான்சு தேசத்து லேனெக் என்பவர் 1816-இல் கண்டுபிடித்திருந்தார். அதனை எள்ளி நகையாடிய வைத்தியர் அக்காலத்தில் பலர். ஸ்டோக்ஸோ பட்டம் பெற்ற அவ்வாண்டிலேயே அக்கருவியைப் பயன்படுத்தும் முறை குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் டப்ளின் மீத் ஆஸ்பத்திரியில் தந்தையார் வகித்த பதவியை ஏற்று, ராபர்ட் கிரேவ்ஸ் என்னும் பேரறிஞரோடு சேர்ந்து, நோயாளியின் படுக்கையருகிலேயே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையைச் சிறப்புற நடத்தினார். 1827-இல் கொள்ளைச்சுரம் பரவியபோது ஏழைகளுக்குச் சிகிச்சை செய்து, தாமும் அந்நோய்வாய்ப்பட்டுத் தேறினார். 1837-இல் மார்பு நோய்களைப் பற்றியும், 1854-இல் இருதயத்தையும் பெருநாடியையும் பற்றிய நோய்கள் குறித்தும் அவர் இயற்றிய நூல்கள் ஐரோப்பா முழுவதும் நன்மதிப்புப் பெற்றன.

இவற்றுள் பின்னைய நூலிலேதான் நாம் கூறவந்த செய்தி உள்ளது. இருதய நோயென்றால் இரத்தம் வாங்குவதும், உணவைக் குறைப்பதும், படுக்கையில் கிடத்துவதும் அக்காலத்தில் பெருவழக்கு. இங்கிலாந்து தேசத்து ஹெபர்டென் என்னும் வைத்தியர், மார்வலியால் வருந்திய ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்ததை முன்னமே குறித்திருந்தார். ஆயின் அது தனியொருவர் செய்தியாகவே நின்றது. ஸ்டோக்ஸ் அதனை ஒரு முறையாக வகுத்தார். கொழுப்பு மிகுந்து தளரத் தொடங்கிய இருதயமுடையவர் சுகபோகத்தை விட்டு, அதிகாலையில் எழுந்து, முதலில் சமநிலத்திற் சிறிது தூரம் நடத்தல் வேண்டும். மூச்சிரைப்போ மார்வலியோ தோன்றுமுன் நிறுத்துதல் வேண்டும். பழகப் பழகத் தூரத்தையும் ஏற்றத்தையும் கூட்டுதல் வேண்டும். இவ்வாறு விடாது பயின்றோர், முன்பு இயலவே இயலாதிருந்த நடையைப் பின்பு இன்பத்தோடு செய்வர் என்று அவர் கண்டார். இம்முறை முதியோரினும் இளையோர்க்கே மிகப் பொருந்தும் என்று எல்லை வகுக்கவும் அவர் தவறினாரில்லை.

இதன் நுட்பத்தை நம் செங்கற்பட்டு ஜில்லாவின் நிலத்தைக் கொண்டே விளக்கலாம். கொளவாய் ஏரிக்கரையின் சமமான பாதை முதற்பாடம். மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஈரம் உலர்ந்த மணல் அடுத்த பாடம். காலைப் புதைக்கும் மணலில் அதே தூரம் இருமடங்கு உழைப்பாகத் தோன்றும். அவ்வூர்க் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைக்குன்று அதற்கும் மேற்பட்டது. இவ்விரண்டு ஊருக்கும் இடையிலுள்ள திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளோ இறுதிப் பரீட்சை. முதல்நாளே படியேறப் புகுபவர் பேதையர். ஏரிக்கரைக்கும் அஞ்சிக் கட்டிலை விட்டு இறங்காதவரும் அத்தன்மையரே. இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் காட்டியதே ஸ்டோக்ஸின் பெருமை.

இவ்வளவு சிறுநடை எங்ஙனம் பயன் தருமெனின், இருதயமும் ஒரு தசையே. அன்றியும் பயின்ற கால்தசைகள் தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை மிகுதியாக ஏற்கும் ஆற்றல் பெறுகின்றன. ஆகவே அதே வேலைக்கு இருதயம் முன்போல விரைந்து துடிக்க வேண்டுவதில்லை. மார்வலி தோன்றும் எல்லையும் தள்ளிப்போகின்றது.

ஸ்டோக்ஸ் வைத்தியத்தோடு அயர்லாந்தின் பழங்கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்வதிலும் பெருவிருப்புடையவர். மகளார் மார்கரெட் அத்துறையில் புகழ்பெற்றார். மகனார் விட்லி ஸ்டோக்ஸ் 1862-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் வழக்கறிஞராயிருந்து, பின்னர் இந்தியச் சட்டங்களை வகுப்பதில் பெரும்பங்கு கொண்டார். தந்தையார் 1878-இல் காலஞ்சென்றார்.

அவர் உபதேசமோ அவருக்குப் பின் நெடுங்காலம் மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாரடைப்புற்றவர் ஆறு வாரம் அசையாது கிடத்தல் வேண்டுமென்பதே விதி. 1952-இல் அமெரிக்க வைத்தியர் லெவைனும் லவுனும் நோயாளிகளை நாற்காலியில் அமர்த்தத் துணிந்தனர். 1953-இல் லண்டன் நகரத்து மாரிஸ் என்பவர், அமர்ந்தே பஸ் ஓட்டுவோரினும், மாடிப்படி ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டருக்கு இருதய நோய் குறைவென்று காட்டினார். 1968-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, திடகாத்திரமான ஐந்து வாலிபர் மூன்று வாரம் படுத்திருந்தமையாலேயே தேகவலிமையில் கால்பங்கிற்கு மேல் இழந்தனர் என்றும், பயிற்சியால் அதனை மீட்டனர் என்றும் தெரிவித்தது. இன்று மாரடைப்பினின்று தேறியவர்க்கு அளவிட்ட தேகாப்பியாசம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே விதிக்கப்படுகின்றது.

இச்சரித்திரம் நம் இல்லங்களுக்கு வேண்டுவதொன்றாம். ஆஸ்பத்திரியினின்று மீண்ட தந்தையை, அன்பு மிகுதியால், தண்ணீர்ச் செம்பையும் எடுக்க விடாது கட்டிலிலேயே இருத்தும் பிள்ளைகள் பலரை நாம் காண்கிறோம். அவ்வன்பு குற்றமுடையதன்று, ஆயின் அது காக்க விரும்பும் வலிமையையே கரைத்துவிடுகின்றது. ஓய்விலும் மார்வலி உள்ளோர், இருதய வால்வு மிகக் குறுகியோர், சுரமுற்றோர் ஆகியோர்க்கு நடை ஆகாது. ஆதலின் வைத்தியர் சோதித்து அனுமதித்த பின்னரே தொடங்குதல் வேண்டும். அனுமதி கிடைத்த பின்னரோ, மாணவ நண்பர்களே, விடுமுறையில் நீவிர் செய்யத்தக்க தொண்டு ஒன்றுண்டு. தந்தையின் கையைப் பற்றி, அவர் மூச்சின் அளவறிந்து, நாள்தோறும் சிறிது தூரம் உடன் நடந்து வாருங்கள். டப்ளின் நகரத்து வைத்தியர் எழுதிய மருந்து அதுவே. அதற்கு விலையில்லை, பொறுமை ஒன்றே வேண்டும்.