வெல்ஷ் ஹார்ப் கரையில் ஒரு பறவைக் கணக்கர்

வெம்பிளிக்கு அடுத்தாற்போல் இருக்கும் பிரென்ட் நீர்த்தேக்கத்தை இங்கே 'வெல்ஷ் ஹார்ப்' என்றுதான் சொல்வார்கள். அதன் பறவைகளை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெடுத்து வைத்தவர் ஜேம்ஸ் எட்மண்ட் ஹார்டிங் (1841-1928). அவரைப் பற்றித் தமிழிலும் ஒரு குறிப்பு இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஹார்டிங் படித்தது சட்டம். மனம் போனது பறவைகளின் பின்னால். ரீஜென்ட் கால்வாய்க்குத் தண்ணீர் வேண்டி 1830களில் பிரென்ட் ஆற்றை மறித்துக் கட்டிய தேக்கம் இது. மனிதர் தம் தேவைக்குக் கட்டியதைப் பறவைகள் தமதாக்கிக்கொண்டன. வலசை வரும் உள்ளான்கள் சேற்றுக் கரையில் இறங்கின. அருகில் கிங்ஸ்பரியில் வாழ்ந்த ஹார்டிங், எந்தப் பறவை எப்போது வருகிறது, எது கூடு கட்டுகிறது என்று குறித்து வந்தார். 1866இல் அது 'மிடில்செக்ஸ் பறவைகள்' என்ற நூலாயிற்று.

அன்று அரிய பறவையைக் கண்டதற்குச் சான்று, சுட்டு வீழ்த்திய உடல்தான். ஹார்டிங்கும் துப்பாக்கியோடுதான் நடந்தார். இதை மறைத்து அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே மனிதர், பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவற்றைக் கொல்லத் தடை வேண்டும் என்று உழைத்த பிரிட்டிஷ் அசோசியேஷன் குழுவிலும் இருந்தார். கணக்கெடுத்தவருக்குத்தான் குறைவது முதலில் தெரியும்.

1871இல் ஷேக்ஸ்பியரின் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சங்கப் பாடல்களில் அன்றிலையும் நாரையையும் தேடும் நமக்கு அந்த ஆசை புரியும். 1877 முதல் 1896 வரை 'ஜூவாலஜிஸ்ட்' இதழின் ஆசிரியர். பின்னாளில் லின்னேயன் சங்கத்தின் நூலகர். 1880இல் வந்த நூலில், பிரிட்டனிலிருந்து மறைந்துபோன ஓநாய், கரடி, பீவர் முதலியவற்றின் வரலாற்றைத் தொகுத்தார்.

ஹார்டிங் காலத்தில், பெண்களின் அலங்காரத்துக்காக இறகு பறிக்கப்பட்டு அருகிப்போயிருந்த கொண்டை முக்குளிப்பான், இன்று வெல்ஷ் ஹார்ப்பில் கூடு கட்டுகிறது. 1950 முதல் இது அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகப் பாதுகாக்கப்படுகிறது. 2023 அக்டோபரில், வெம்பிளிக்கு மேற்கே கிரீன்ஃபோர்டில் ஒரு பீவர் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். மறைந்தவற்றின் பட்டியலில் அவர் எழுதிய பெயர்களில் ஒன்றையாவது அழிக்க முடிந்திருக்கிறது. கரையில் இன்றும் ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள், கையில் துப்பாக்கி இல்லாமல்.