ஆல்பிரட் பியூகி

இக்காலத்துச் சிறு மோட்டார் வண்டிகளில், ஒரு லிட்டர் கொள்ளளவேயுள்ள பெட்ரோல் எஞ்சின் முன்னாளில் ஒன்றரை லிட்டர் எஞ்சின் தந்த சக்தியைத் தருகின்றது. அதற்கு மூலபுருஷர் ஆல்பிரட் பியூகி என்பவர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

இவர் 1879-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து தேசத்து விண்டர்தூர் நகரில் பிறந்தார். சூரிக் பொறியியற் கலாசாலையில் பயின்று 1903-இல் தேறினார். எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு கூறு புகைக்குழாய் வழியே வீணே கழிகின்றது. அப்புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் வலியால் காற்றை அமுக்கி எஞ்சினுட் செலுத்தினால், அதே உருளையில் மிகுதியான எண்ணெய் எரியுமன்றோ? 1905-இல் இக்கருத்துக்கு உரிமைப்பத்திரம் கோரினார்.

கருத்து எளிது, காரியமோ அரிது. சுல்சர் தொழிற்சாலையில் இவர் செய்த சோதனைகள் பல்லாண்டு பயன் தந்தில. இருபதாண்டு கழித்து, 1925-இல், விட்டுவிட்டு வரும் புகையின் வேகத்தையே பயன்கொள்ளும் முறையைக் கண்டார். அதன்பின் ஜெர்மானியக் கப்பல்கள் இரண்டின் பத்துருளை டீசல் எஞ்சின்கள் 1,750 குதிரைச்சக்தியினின்றும் 2,500-க்கு உயர்ந்தன.

பெட்ரோல் எஞ்சினோ இன்னும் பிடிவாதமுடையது. அதன் புகை டீசற்புகையினும் வெம்மை மிக்கது. காற்றை மிக அமுக்கின், பெட்ரோல் தன் காலத்துக்கு முன்னே வெடிக்கும். 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் வண்டியில் அதனைத் தணிக்க நீரும் மெதனாலும் கலந்த திரவத்தை ஊற்றிவர வேண்டியிருந்தது. மறந்தோர் வண்டி வலிவிழந்தது. இன்றும், நிமிஷத்துக்கு லக்ஷம் முறைக்கு மேற் சுழலும் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீதே நிற்கின்றது. காலத்தில் எண்ணெய் மாற்றாதவர் யந்திரத்தைப் பழிப்பது நியாயமன்றென்பது நம் எண்ணம்.

சிறு மோட்டார் வண்டிகளில் தம் கருவி ஏறியதைப் பியூகி கண்டாரல்லர். 1959-ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்த விண்டர்தூரிலேயே காலஞ்சென்றார்.