பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமி
மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கை

 

1989ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை நமது பகுதியில் ஏழைப் பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்த வீடுகளில் ஒரு பெயர் அடிக்கடி ஒலித்து வந்தது. அரசின் திருமண உதவிக்கான விண்ணப்பப் படிவத்தின் தலைப்பில் இருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்ற பெயரே அது. படிவத்தை நிரப்பியோர் பலர், அழைப்பிதழை இணைத்தோர் பலர். அந்த அம்மையார் யார் என்று கேட்டறிந்தோர் சிலரே. யாரோ ஒரு தலைவரின் தாயார் என்று எண்ணிக்கொண்டவர்களும் உண்டு. அவர் எவருடைய தாயார் என்பதாலும் எவருடைய மனைவி என்பதாலும் புகழ் பெற்றவர் அல்லர். சிறுமியாக இருந்தபோதே விலைக்கு விற்கப்பட்டு, அந்தத் தளையைத் தாமே அறுத்துக்கொண்டு வெளியேறி, தம்மைப் போன்ற பிற பெண்களையும் மீட்க ஆயுள் முழுவதும் போராடிய பெண்மணி அவர். நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர் எனினும், அவருடைய வரலாறு நமது ஆண்டு மலரில் இடம்பெறத் தகுதி உடையது என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணம் தாண்டிச் சென்றால் மயிலாடுதுறை. அதனை அடுத்துள்ள சிற்றூர்தான் மூவலூர். இராமாமிர்தம் 1883ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தையார் பெயர் கிருஷ்ணசாமி, தாயார் பெயர் சின்னம்மாள். குடும்பத்தை வாட்டிய வறுமை எல்லை மீறியபோது, பெற்ற குடும்பமே அச்சிறுமியை ஒரு தாசியிடம் விற்றது. கிடைத்த விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் ஆகும். அவ்வாறுதான் அவர் மூவலூருக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அவ்வூரே அவருடைய பெயரின் முன்பகுதி ஆயிற்று.

அக்காலத்தில் பொட்டுக்கட்டுதல் என்றொரு வழக்கம் இருந்தது. இளம் சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணித்து, இறைவனுக்கே மனைவி என்று கூறித் தாலி கட்டிவிடுவர். அதன்பின் அப்பெண் ஒருவனை மணந்து இல்லறம் நடத்த இயலாது. நிலக்கிழார்களும் செல்வந்தர்களும் விரும்பியபோது வைத்துக்கொள்ளவும் விரும்பாதபோது விட்டுவிடவும் உரியவளாக அவள் ஆக்கப்படுவாள். ஆங்கில ஆட்சி 1843ஆம் ஆண்டிலேயே அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள், சிறுமியரை விபசாரத்திற்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. ஆயினும் என்ன? சம்பிரதாயம் என்ற போர்வைக்குள் நடந்ததால், அந்தப் பத்து ரூபாய் வியாபாரம் தடையின்றி நடந்தேறியது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துவது நமது கடமை. பிற சமயத்தாரின் வழக்கத்தைக் குறை கூறி மகிழ்வது நமது நோக்கமன்று. அவ்வழக்கத்தை எதிர்த்து நின்றவர்களுள் அச்சமூகத்தில் தோன்றிய பெண்களும் உண்டு. மேலும், கல்வி பெண்களுக்கு எட்டாத பொருளாயிருந்த காலத்தில் எழுத்தும் இசையும் நடனமும் அறிந்து, சொந்தப் பெயரில் சொத்து வைத்திருந்தவர்கள் தேவதாசிகள். இன்று பரதநாட்டியம் என்று போற்றப்படும் கலையைக் காத்து வந்தவர்களும் அவர்களே. இதையும் மறைத்தல் நேர்மையாகாது.

இராமாமிர்தம் அந்தத் தொழிலுக்கென்றே வளர்க்கப்பட்டார். ஆடலும் பாடலும் கற்பிக்கப்பட்டன. பருவம் எய்தியபோது, தம்மை வளர்த்தவர்கள் வகுத்த வழியில் செல்ல அவர் இசையவில்லை. தமக்கு இசை கற்பித்த ஆசிரியரான சுயம்புப் பிள்ளையைத் தாமே தேர்ந்து மணந்துகொண்டார். இதனை ஒரு காதல் கதையாக மட்டும் வாசித்துவிடலாகாது. விலை கொடுத்து வாங்கியவர்களைப் பொறுத்தவரை அவர் ஒரு முதலீடு. அந்த முதலீடு தனக்கென ஒரு கணவனைத் தேடிக்கொண்டு இல்லறம் நடத்தப் புறப்பட்டது. தாசி குலத்துப் பெண்ணுக்குத் திருமணமா என்று ஊர் நகைத்த நாளில் நிகழ்ந்த செயல் அது.

இவ்விடத்தில் ஹஸ்ரத் பரீரா (ரலி) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. அடிமைப் பெண்ணாக இருந்த அவர்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விலை கொடுத்து விடுதலை செய்தார்கள். விடுதலை கிடைத்ததும், அடிமையாக இருந்தபோது அமைந்த மணவாழ்வில் தொடர்வதா விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமை பரீரா அவர்களுக்கு வழங்கப்பட்டது. அவர்கள் விலகவே விரும்பினார்கள். கணவர் முகீஸ் (ரலி) மதீனாவின் தெருக்களில் கண்ணீர் வடிய அவர்களின் பின்னே நடந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மனமிரங்கிப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா (ரலி) வினவ, கட்டளையன்று, பரிந்துரையே என்று நபியவர்கள் விளக்க, அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று அப்பெண்மணி கூறிவிட்டார்கள். அதன்பின் எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. அடிமைப் பெண்களை விபசாரத்திற்கு நிர்ப்பந்திக்கக் கூடாது என்று சூரத்துந் நூர் தடுக்கிறது. அடிமைகளின் விடுதலைக்குச் செலவிடுதல் ஜகாத்தின் எட்டு இனங்களுள் ஒன்றாகும். இவ்வளவு தெளிவான போதனை இருந்தும், முஸ்லிம் அரசுகள் நூற்றாண்டுகள் பல அடிமைகளை வைத்திருந்தன என்பதும் வரலாறே. சவூதி அரேபியா அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1962ஆம் ஆண்டில்தான். இராமாமிர்தம் அம்மையார் மறைந்ததும் அதே ஆண்டில் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாம் தப்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று தேவதாசிப் பெண்களைச் சந்தித்துப் பேசினார். பொட்டறுத்து வெளியேற முன்வந்தோருக்குத் திருமணம் செய்துவைத்தார். மாயவரம் பகுதியில் இசை வேளாளர் மாநாடுகளைக் கூட்டி, அச்சமூகத்து ஆண்களையும் எதிர்கொண்டார். சகோதரிகளின் வருவாயில் வாழ்ந்தவர்களுக்கு அவர் பேச்சு கசந்தது. தொடக்கத்தில் காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டுக் கதர் அணிந்து உழைத்த அவர், 1925ஆம் ஆண்டில் பெரியார் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு விலகியபோது தாமும் விலகிச் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். அவருடைய நம்பிக்கையும் அங்கேதான் உருமாறியது. கோயிலைச் சுற்றியே வளர்ந்த அவர், கடவுளின் பெயரால் ஒரு சிறுமியை விற்கலாம் என்றால் அந்தப் பெயரையே விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இறைநம்பிக்கை கொண்ட நாம் அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க இயலாது. ஆனால், மார்க்கத்தின் பெயரால் மனிதர்கள் நடத்தும் அநீதி, மார்க்கத்திலிருந்தே மக்களை விரட்டிவிடும் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

சட்டமன்றத்தில் இப்போராட்டத்தை நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரும் தேவதாசிக் குடும்பத்தைச் சார்ந்தவரே. 1929ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் நிறைவேறிய சட்டத்திருத்தம், கோயில் பணிக்காக வழங்கப்பட்ட மானிய நிலங்களை அப்பணியிலிருந்து விடுவித்துத் தேவதாசிகளுக்கே உரிமையாக்கியது. நிலம் பறிபோகுமே என்ற அச்சம்தான் பலரை அத்தளையில் நிறுத்தியிருந்தது என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1930ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதா வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர்களும் தேவதாசிகளின் சங்கங்களும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தங்களை ஒட்டுமொத்தமாக இழிவுபடுத்துவதாக அவர்கள் வருந்தியதிலும் நியாயம் இல்லாமலில்லை. இந்த எதிர்ப்புக்கு நடுவே இராமாமிர்தம் அம்மையாரின் குரல் தனி வலிமை பெற்றது. வெளியிலிருந்து இரக்கம் காட்டியவர் அல்லர் அவர், உள்ளே இருந்து வந்தவர்.

1936ஆம் ஆண்டில் தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் நாவலை அவர் வெளியிட்டார். தாசி வீடுகளில் நடந்த சூழ்ச்சிகள், சிறுமியர் பழக்கப்படுத்தப்பட்ட விதம், மைனர்கள் சொத்தழிந்த கதை ஆகிய அனைத்தையும் மறைப்பின்றி எழுதினார். இலக்கிய நயத்தை நாடுவோர் அதில் குறை காணக்கூடும். சாட்சியம் வேண்டுவோருக்கு அது போதும். 2003ஆம் ஆண்டில் அந்நாவல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

1938ஆம் ஆண்டு இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, திருச்சியிலிருந்து சென்னை வரை தமிழர் பெரும்படை நடந்து சென்றது. ஆகஸ்டு 1ஆம் நாள் புறப்பட்ட அந்தப் படை செப்டம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தது. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட அப்படையில் 55 வயது இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். பின்னர் மறியலில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். அந்நாளில் நமது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். அதே திருச்சியைச் சேர்ந்த முஸ்லிம் லீக் உறுப்பினர் கான் பகதூர் பி. கலீபுல்லாஹ் சாகிப், தாம் ஒரு இராவுத்தர் என்றும் தம் தாய்மொழி தமிழே என்றும் சட்டமன்றத்தில் எடுத்துரைத்துக் கட்டாய இந்தியை எதிர்த்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. விற்கப்பட்ட சிறுமி, தம்மைப் போன்றோர் இனி விற்கப்படலாகாது என்ற சட்டத்தைத் தம் அறுபத்து நான்காம் வயதில் கண்ணாரக் கண்டார். 1949ஆம் ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது பெரியாரைப் பிரிந்து அறிஞர் அண்ணாவுடன் சென்றார். 1962ஆம் ஆண்டில் காலமானார்.

27 ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டில் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, படித்த ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்திற்கு அவருடைய பெயரைச் சூட்டியது. தொடக்கத்தில் 5,000 ரூபாய். 2011ஆம் ஆண்டில் 10ஆம் வகுப்பு முடித்தவருக்கு 25,000 ரூபாயும் பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு 50,000 ரூபாயும், அத்துடன் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என உயர்ந்தது. 2016ஆம் ஆண்டில் தங்கம் 8 கிராம் ஆயிற்று. நம் வீடுகளில் அத்தங்கம் கருகமணியில் கோக்கப்பட்டது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சில இடங்களில் அத்தொகை மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கைக்கூலிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மறுக்க முடியுமா? பெண்ணுக்கு மஹர் கொடுத்து மணமுடிக்குமாறு மார்க்கம் கூறியிருக்க, பெண் வீட்டாரிடம் விலை பேசியவர்கள், விலை பேசப்பட்டதை எதிர்த்த ஒரு பெண்ணின் பெயரிலான பணத்தைக் கொண்டே அவ்விலையைப் பெற்றனர். பைத்துல்மாலில் கல்யாண உதவி கேட்டு வரும் தந்தையரின் கண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

2022ஆம் ஆண்டில் இத்திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவி கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் ஏற்பாடாக, புதுமைப் பெண் என்ற பெயரில் அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அது தொடங்கப்பட்டது. தங்கம் நின்றுபோயிற்றே என்று வருந்திய தாய்மார்கள் நம்மிடையே உண்டு. எனினும் அம்மையாரின் பெயருக்கு முந்தையதினும் இதுவே பொருத்தமானது என்பது நமது கருத்து. தந்தையின் கையிலோ மாப்பிள்ளையின் கையிலோ போகாமல், அந்தப் பணம் பெண்ணின் பெயரிலேயே வந்து சேர்ந்தது.