நஞ்சறிந்த நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி

துப்பறியும் புதினம் என்றவுடன் முகஞ்சுளிப்போர் நம் ஆசிரியப் பெருமக்களிடையே இன்றும் உளர். மாணவர் கையில் அத்தகைய நூலைக் கண்டு நாமும் கடிந்துகொண்டதுண்டு. அகதா கிறிஸ்டி அம்மையாரின் வாழ்வை அறிந்தபின் அவ்வழக்கத்தை விட்டுவிட்டோம்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்க்கீ என்னும் கடற்கரை நகரில் 1890 செப்டம்பர் 15 அன்று பிறந்த அவர், பதினொன்றாம் அகவையில் தந்தையை இழந்தார். முதல் உலகப் போரின்போது அவ்வூர் மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்து, காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். பின்னர் மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறி, அதற்குரிய தேர்விலும் வென்றார். எம்மருந்து எவ்வளவில் உயிர் காக்கும், எவ்வளவில் உயிர் குடிக்கும் என்பதை அங்கே தராசும் கையுமாக நின்று கற்றார். ஓய்வுப் பொழுதுகளில் எழுதிய முதற்புதினத்தில் எட்டிக்கொட்டை நஞ்சாகிய ஸ்ட்ரிக்னினைக் கையாண்டார். எவ்வாறு என்பதைக் கூறிச் சுவையைக் கெடுக்க நமக்கு விருப்பமில்லை. பதிப்பாளர் சிலர் திருப்பியனுப்பிய அந்நூல் 1920இல் வெளிவந்தபோது, நஞ்சு பற்றிய செய்திகள் பிழையற்றிருந்தமைக்காக மருந்தியல் இதழொன்று அதனைப் பாராட்டியது. போரினால் டார்க்கீயில் தஞ்சம் புகுந்திருந்த பெல்ஜிய மக்களைக் கண்டே, துப்பறிவாளர் பொய்ரோவையும் பெல்ஜிய அகதியாகப் படைத்தார்.

1926இல் தாய் மறைந்தார். கணவரின் மனமும் மாறியது. அவ்வாண்டு டிசம்பரில் பதினொரு நாட்கள் அவர் காணாமற்போனதை நாளேடுகள் பெரிதாக்கின. தம் தன்வரலாற்றிலும் அவர் அதுபற்றி வாய்திறக்கவில்லை. நாமும் துருவ வேண்டுவதில்லை.

மணமுறிவு நேர்ந்த 1928ஆம் ஆண்டிலேயே தன்னந்தனியாக பாக்தாத் சென்றார். ஈராக்கின் ஊர் நகர அகழாய்வுக் களத்தில் 1930இல் சந்தித்த தொல்லியலறிஞர் மாக்ஸ் மல்லோவனை அவ்வாண்டே மணந்தார். அதன்பின் சிரியாவிலும் ஈராக்கிலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் கணவருடன் தங்கி ஒளிப்படம் எடுத்தார், பானையோடுகளை ஒழுங்குபடுத்தினார். நிம்ருதில் கிடைத்த தந்தச் சிற்பங்களைத் தம் முகப்பூச்சுக் களிம்பு கொண்டே துடைத்தார் என்பது சுவையான செய்தி.

இவ்வனுபவத்தின் விளைவே 'டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்'. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஹெகனக்த் என்பவர் தம் வீட்டாருக்கு எழுதிய மடல்களை அடிப்படையாகக் கொண்டு, 1944இல் வெளிவந்த வரலாற்றுத் துப்பறியும் புதினம் இது. தானியக் கணக்கும் வீட்டுப் பூசலும் நிறைந்த அக்குடும்பம் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. வரலாறு பயில்வோர் இதிலிருந்தே தொடங்கலாம். குருதி கண்டு அஞ்சும் மென்மனத்தோர்க்கு, சிற்றூரில் பின்னல் வேலையோடு உண்மை காணும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் தோன்றும் முதற்புதினமாகிய 1930ஆம் ஆண்டு நூலைப் பரிந்துரைப்போம்.

'தி பேல் ஹார்ஸ்' (1961) என்னும் புதினத்தில் தாலியம் நஞ்சின் அறிகுறிகளை அம்மையார் விரிவாக எழுதியிருந்தார். 1977இல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பெற்ற 19 மாதக் குழந்தையின் நோய் மருத்துவர்க்குப் பிடிபடவில்லை. அப்போது அப்புதினத்தைப் படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர், குழந்தையின் முடி உதிர்வதைக் கண்டு தாலியமாக இருக்கலாம் என்றார். சோதனை அதனை மெய்ப்பித்தது, குழந்தை பிழைத்தது. அம்மையார் அதற்கு முந்தைய ஆண்டு, 1976 ஜனவரி 12 அன்றே மறைந்திருந்தார்.